கதவு எண்ணோடு தொங்கிய கோடுகள்

முடிச்சூர் பக்கம், என் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு கேலரி நடத்துகிறேன். நகரத்துக்காரர்களிடம் சொன்னால் "தாம்பரத்துலயா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், தாம்பரத்தில்தான். ஏன், இங்கே சுவர் இல்லையா? கண்ணுள்ள மனிதன் இல்லையா?

அதற்கு முன் பல வருஷம் பிரேம் கடை வைத்திருந்தேன். சாமி படம், கல்யாண போட்டோ, செத்துப்போனவர் படம் எல்லாவற்றுக்கும் சட்டம் அடித்தேன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் தாங்கள் வரைந்ததைக் கொண்டுவருவார்கள். நான் பிரேம் போட்டுக் கொடுப்பேன். அது நேராகக் கட்டிலுக்கு அடியில் போகும், காட்ட இடம் கிடையாது. எனக்கு எரிச்சல் வந்தது. கடையைச் சுருக்கி, ஹாலைக் காலி செய்து, வெள்ளையடித்து, மாட்டுங்கடா என்றேன். அப்படி ஆரம்பித்ததுதான்.

இதுவரை இங்கே நடந்த கண்காட்சிகளில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வது ஒன்றைத்தான். பள்ளிக்கரணைக்காரப் பெண் ஒருத்தி வைத்தது. ஒரு கான்ட்ராக்டரிடம் பிளான் வரையும் வேலை பார்க்கிறாள். ஒருநாள் வந்து, "அண்ணா, உங்க தெருவை வரையணும்" என்றாள்.

"தெருவுல இன்னா கீது வரையறதுக்கு?"

"தண்ணி வந்த கோடு இருக்கு."

2015 பெருமழையில் எங்கள் தெரு முழுகியது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். வடிந்தபோது ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் பழுப்பாக ஒரு கோடு நின்றது. பிறகு எல்லோரும் அதன்மேல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். வாடகைக்கு வருகிறவன், விலைக்குக் கேட்கிறவன் கண்ணில் படக்கூடாது. நானும்தான் அடித்தேன். பெருமை பேசும்போது அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவள் லீவு நாட்களில் வீடு வீடாகப் போனாள். மீட்டர் பெட்டிக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் எங்கெல்லாம் கோடு மிச்சம் இருந்ததோ தேடி அளந்தாள். கோடு கிடைக்காத வீட்டுக்குக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணி டியூப்பை எடுத்து வந்து, பக்கத்து வீட்டுக் கோட்டிலிருந்து மட்டம் பிடித்தாள். பிறகு வீட்டுக்கு ஒன்றாக டிரேசிங் பேப்பரை நீளமாக வெட்டி, கூரையிலிருந்து தரைவரை தொங்கவிட்டாள். அந்த வீட்டுத் தரையிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றதோ அந்த உயரத்தில் பழுப்புப் பென்சிலால் ஒரு கோடு. கீழே கதவு எண். வேறு எதுவும் இல்லை. நடுவில் நடந்தால் ஒரு கோடு முட்டியில் வரும், இன்னொன்று இடுப்பில், இன்னொன்று கழுத்தில். முதல் தடவை நடந்தபோது எனக்கு மூச்சு முட்டியது. என் கையால் பிரேம் போடாத முதல் கண்காட்சி அது. போட முடியாது, போடவும் கூடாது.

திறப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் நலச்சங்கச் செயலாளர் வந்தார். ரிட்டயர் ஆனவர், நாலு வீடு தள்ளி இருக்கிறார்.

"சார், ஆர்ட் எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. டோர் நம்பரை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க."

"அதை எடுத்தா மிச்சம் வெறும் பேப்பர்தான் சார்."

"ஞாயித்துக்கிழமை என் வீட்டை விலைக்குப் பாக்க பார்ட்டி வராங்க. ஊரப்பாக்கத்துல வாடகைக்கு இருக்கவங்க. என் மிசஸுக்கு முட்டி போயிடுச்சு, பெங்களூர்ல பையன்கிட்டயே போயிடலாம்னு இருக்கோம். இந்த நேரத்துல இப்படி நோட்டீஸ் ஒட்டினா எப்படி?"

"தண்ணி வந்துச்சான்னு அவங்க கேட்டா சொல்வீங்களா?"

"கேட்டா சொல்வேன். அவங்க கேக்கலையே!"

அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "நம்பர் எடுக்கணும்னா மொத்தத்தையும் இறக்கிடறேண்ணா. நம்பர் இல்லாம அது யார் வீடும் இல்ல" என்றாள். அவள் வைக்கிற முதல் கண்காட்சி அது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "யோவ், உம்ம வூடு எதுன்னாவது பாத்துட்டுப் பேசுமய்யா" என்று கத்திவிட்டேன்.

அவர் முறைத்துக்கொண்டே உள்ளே போனார். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தபடி நடந்து, தன்னுடையதைக் கண்டுபிடித்து நின்றார். கோடு அவர் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

"இது என் வீடா?"

"ஆமா சார்" என்றாள் அவள்.

"தப்பு."

"நீங்க உள்ள விடலை சார். அதனால பக்கத்து வீட்டுலேர்ந்து மட்டம் பிடிச்சு, உங்க வாசப்படியில வெச்சு எடுத்தேன்."

"அதான் சொல்றேன், தப்பு. ரோடு போட்டுப் போட்டு ஏத்திட்டான். என் ஹாலுக்கு வாசப்படியிலேர்ந்து ரெண்டு படி இறங்கணும். இவ்ளோதானா வந்துச்சு எங்களுக்கு? என்னம்மா அளந்த நீ?"

எண்ணை எடுக்கச் சொல்லி வந்த மனுஷர், கோடு தாழ்வாக இருக்கிறது என்று சண்டை போடுகிறார். அவள் டேப்பை எடுத்தாள். "காட்டுங்க சார், சரி பண்ணிடறேன்."

மூன்று பேரும் அவர் வீட்டுக்குப் போனோம். ஹாலில் ஒரு இரும்பு பீரோ. பெயிண்டர்கள் அதை நகர்த்தாமல் சுற்றி மட்டும் அடித்திருந்தார்கள். நாங்கள் தள்ளினோம். "ஐயையோ, அங்க பெருக்கியே எத்தனையோ வருஷம் ஆச்சு" என்று நொண்டிக்கொண்டே வந்தார் வீட்டம்மா. ஒட்டடை, செத்த கரப்பான், அதற்கு மேலே நேற்று வந்ததுபோல அந்தக் கோடு.

அவள் அளந்தாள். செயலாளரின் தோளுக்கு வந்தது.

"பாத்தீங்களா? இவர் எல்லார்கிட்டயும் முட்டி வரைக்கும்தான்னு சொல்லிட்டிருக்காரு" என்றார் வீட்டம்மா.

"சும்மா இரு" என்றார் இவர்.

திரும்பி வந்து அவள் பழைய கோட்டை அழித்துப் புதிதாகப் போட்டாள். அவர் பக்கத்தில் நின்று டேப்பைப் பிடித்தார். "இன்னும் அரை இன்ச் மேல" என்றார். எண்ணைப் பற்றிப் பேசாமல் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே வந்தது. யாரும் கலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொருவரும் நேராகத் தங்கள் எண்ணைத் தேடிப் போனார்கள். "உங்க வீட்ல இடுப்புதானா? அப்புறம் எதுக்குய்யா ரெண்டு மூட்டை நிவாரண அரிசி வாங்கினே?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் "மொட்டை மாடியில உங்கப்பனுக்கும் சேர்த்து ஆக்கிப் போட்டேனே, அதுக்குத்தான்" என்றார். ஒரு அம்மா தன் வீட்டுப் பேப்பருக்கு முன்னால் நின்று அழுதார். நகரத்தின் எந்தக் கேலரியிலும் இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. அங்கே காபி குடித்துக்கொண்டு தலையை ஆட்டுவார்கள்.

பதினொரு மணிக்குச் செயலாளர் வந்தார். கூடவே ஊரப்பாக்கம் தம்பதி. அவர்களை வேறு வழியாகக் கூட்டிப்போவார் என்று நினைத்திருந்தேன். நேராக உள்ளே வந்து தன் பேப்பருக்கு முன்னால் நிறுத்தினார்.

"இதான் என் வீடு. பாத்துக்கங்க. பக்கத்து வீட்ல இவ்ளோ இல்ல, எங்களுக்குத்தான் அதிகம்" என்றார். சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு இருந்தது, சத்தியமாக.

அந்தப் பெண்மணி குள்ளம். கோடு அவர் மூக்குக்கு வந்தது. கைப்பையை இறுக்கிக்கொண்டார். "வரோம் சார்" என்று ரெண்டு பேரும் கிளம்பினார்கள். திரும்ப வரவில்லை.

செயலாளர் ரெண்டு வாரம் என்னோடு பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் வீட்டம்மா அந்த ரெண்டு படியில் சுவரைப் பிடித்து இறங்குவதைப் பார்க்கும்போது மட்டும் சங்கடமாக இருக்கும். அதற்காக எண்ணை எடுத்திருக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. கடைசி நாள்வரை ஒரு எண்கூட இறங்கவில்லை. என் கேலரி அதைச் செய்தது. தாம்பரத்தில்.

அப்புறம் வேறு மாநிலத்தில் ஒரு பெரிய கேலரி அந்தக் கோடுகளை அப்படியே கேட்டது. அவள் மறுபடி வீடு வீடாகச் சம்மதம் கேட்டுப் போனாள். துணைக்கு நானும் போனேன். செயலாளர் வீட்டு வாசலில் மட்டும் அவளை முன்னால் விட்டு நான் பின்னால் நின்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சம்மதக் காகிதத்தை முழுக்கப் படித்தார். "அவ்ளோ தூரம் போகுதா?"

"ஆமா சார். உங்களுக்கு இஷ்டமில்லைன்னா…"

"அங்கேர்ந்து எவன் என் வீட்டை வாங்க வரப்போறான்?" என்று கையெழுத்துப் போட்டார். "வெறும் நம்பர் போட்டா அவனுங்களுக்கு என்ன தெரியும்? தெருப் பேரையும் போடும்மா."