கொளஞ்சியம்மாளுக்குப் போன்

கோவிந்தசாமியின் எஸ்.டி.டி. பூத்துக்கு வந்த போன்களில் முக்கால்வாசி அவருக்கு வந்தவை அல்ல. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அந்தத் தெருவில் வேறு யார் வீட்டிலும் அப்போது போன் கிடையாது. அதனால் தெருவே அவர் நம்பரைத் தன் நம்பராக வைத்துக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையின் அடியில் அதை அச்சடித்து, அடுத்தவர் போன்தான், ஆளைக் கூப்பிட்டுத் தருவார்கள் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டுக்கொள்வார்கள். பம்பாயிலிருந்தோ மஸ்கட்டிலிருந்தோ மணி அடித்தால், "பத்து நிமிஷம் கழிச்சுப் பண்ணுங்க" என்று வைத்துவிட்டு, ஆளைக் கூட்டிவர மகள் சந்திரலேகாவை விரட்டுவார்.

ஒருநாள் அவள் சோம்பல்பட்டு, பூத் வாசலில் நின்றபடியே "கொளஞ்சி! போன்!" என்று கத்திவிட்டாள். விருத்தாசலத்துக் கொளஞ்சியப்பர் சாமி பேரை வீட்டுக்கு ஒன்று வைத்திருக்கும் சீமையில் அப்படிக் கத்தலாமா? சைக்கிள் கடைக் கொளஞ்சிநாதன் கிரீஸ் கையோடு வந்தான். தையல்கடைக் கொளஞ்சியப்பன் கழுத்தில் டேப்போடு வந்தார். பூக்காரக் கொளஞ்சி கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

"பேரை ஏன்டி பாதியில முறிக்கிற?" என்று கோவிந்தசாமி தலையில் அடித்துக்கொண்டார். "பாரு, மூணு பேருக்கும் மூச்சு வாங்குது."

போன் தையல்கடைக்காரருக்குத்தான். ஆனாலும் மற்ற இருவரும் போகவில்லை. வந்தது வந்தோம் என்று, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, அவர் தம்பியோடு பேசுவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வந்த போன் என்பதால் மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடவில்லை.

பூத் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். சந்திரலேகா மட்டும் போனை விடவில்லை. கம்ப்யூட்டர் படித்தாள், சென்னையில் பல வருஷம் வேலை பார்த்தாள், அப்பா போன பிறகு கடலூருக்கே திரும்பினாள். செம்மண்டலத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிகளுக்கு இன்டர்காம் செய்துகொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறாள்.

இரண்டு போன்கள் இணைவதற்கு முன் வரி வரியாக எழுத்தில் பேசிக்கொள்கின்றன: யாருக்கு அழைப்பு, எங்கிருந்து. அந்த வரிகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. கம்பெனியின் பழைய இலக்கணப்படி, பெயர் வரும் இடத்தில் ஆங்கில எழுத்துதான் வரலாம். தமிழில் அடித்தால் கேள்விக்குறிகளாக வரிசை கட்டி நிற்கும். சந்திரலேகா அந்த விதியைத் திருத்தி, எந்த மொழி எழுத்தும் வரலாம் என்று ஆக்கினாள்.

சோதித்துப் பார்க்கச் சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி கிடைத்தது. பெண்கள் வார்டு ஆயா தனத்துக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. வரவேற்பில் நோயாளியின் பெயரைத் தமிழில் அடித்து, வெளியிலிருந்து வந்த அழைப்பை வார்டுக்கு அனுப்பினால், தனத்தின் கையிலிருக்கும் போனில் அது தெரிய வேண்டும். முதல் பெயருக்கே போன் ஹேங் ஆகி நின்றது.

கம்பெனி முதலாளி சுரேந்தர், வயதில் இவளுக்குத் தம்பி போன்றவன், கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அக்கா, இன்னிக்குள்ள சரியாவலன்னா பழையபடி இங்கிலீஷ்தான். இவங்க ஜாஸ்தி நாள் பொறுக்க மாட்டாங்க."

வரவேற்பு பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்துச் சந்திரலேகா தேடினாள். பெயருக்கு ஒதுக்கிய இடம் ஆங்கிலத்தை நினைத்து அளந்தது. எழுத்துக்கு ஓர் இடம். தமிழ் எழுத்து மூன்று இடம் பிடிக்கும், சிலது ஆறு. இடம் தீர்ந்ததும் எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழ, அந்தத் துண்டைப் புரிந்துகொள்ள முடியாமல் போன் திகைத்து நின்றிருந்தது. வெட்டினால் முழு எழுத்தோடு வெட்டு என்று மாற்றினாள்.

இந்த முறை மணி அடித்தது. தனம் திரையைப் பார்த்து உரக்க வாசித்தாள்: "கொளஞ்சி! போன் வந்திருக்கு!"

ஜன்னலோரக் கட்டிலில் கொளஞ்சி என்றே பெயருள்ள ஒரு கிழவி இரண்டு கையையும் நீட்டினாள். "என் மவனா? பேசுறானா?" போனைக் காதில் அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் முகம் வாடிப்போயிற்று. "யாரோ பழனிவேலாம். என் புள்ள இல்ல."

"அய்ய, அது என் மவன்! இப்படிக் குடு" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து கொளஞ்சியம்மாள் எழுந்து உட்கார்ந்தாள்.

வாசலில் நின்ற சுரேந்தருக்குச் சந்தோஷம். "ஹேங் ஆவலல்ல? போதும்க்கா. ஆளை அவுங்களே தேடிக் குடுத்துக்கறாங்க."

"போதாது சுரேந்தர். பேரு பாதியில முறியுது."

"ஒரு பேருக்காக மறுபடி எல்லாத்தையும் பிரிக்கணுமா?"

"எங்க ஊர்ல அந்தப் பேரு ஒண்ணு இல்லப்பா, தெருவுக்கு மூணு."

அவள் பெஞ்சுக்குத் திரும்பினாள். இடத்தை எண்ணாதே, எழுத்தை எண்ணு என்று விதியையே மாற்றி எழுதினாள். வார்டிலிருந்த போன்களை ஒவ்வொன்றாக வாங்கிப் புது சாஃப்ட்வேரை ஏற்றினாள். வாங்கி வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

சாயங்காலம் பழனிவேல் மஸ்கட்டிலிருந்து மறுபடி கூப்பிட்டான். சந்திரலேகா வார்டு வாசலில் நின்றாள். மணி அடித்தது.

"கொளஞ்சியம்மாள்!" என்று தனம் முழுசாகக் கூவினாள்.

"ஜெயிச்சிட்டக்கா. தமிழே இருக்கட்டும்" என்றான் சுரேந்தர்.

சந்திரலேகா அவனைப் பார்க்கவில்லை. மணிச்சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கிய ஜன்னலோரக் கொளஞ்சி, பெயரைக் கேட்டதும் மெல்லத் திரும்பிப் படுத்துக்கொண்டதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொளஞ்சியம்மாளும் அதைப் பார்த்திருக்க வேண்டும். மகனிடம் மாத்திரை, கால் வீக்கம், மருமகள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "டேய், வச்சிராத. பக்கத்துல ஒரு பெரியம்மா இருக்காங்க. காலையில உங்கிட்ட பேசினாங்கல்ல, அவுங்கதான். ரெண்டு வார்த்த பேசு" என்று போனை நீட்டினாள்.

"நான்தான்பா. சாப்ட்டியா?" என்றாள் கிழவி, எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு.

சுரேந்தர் குழம்பினான். "என்னாக்கா, வேற ஆளு பேசுறாங்க?"

"அது பி.பி. நம்பர்ப்பா" என்று சந்திரலேகா லேப்டாப்பை மூடினாள்.