பாஸ்டர் கையில் அறுந்த பிரேக் கேபிள்

சபையார் எல்லாருக்கும் என் அன்பின் ஸ்தோத்திரம். நான் பட்டாபிராம் ஷீலா. மேடையில் பேசிப் பழக்கமில்லை. நடுவில் அழுதுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மழைக்காலத்தில் ஆவடி ரோட்டில் ஒரு லாரி என் கணவருடைய பைக்கை இடித்துத் தள்ளியது. தலையில் அடி. ஐசியூ வாசலில் முழங்கால்படியிட்டுக் கதறினேன். கர்த்தர் இரங்கினார். அவரை உயிரோடு எனக்குத் திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் என் பயம் போகவில்லை. அவர் வீடு வீடாகப் போய் ஏசி ரிப்பேர் பார்க்கிறவர். பைக் இல்லாமல் பிழைப்பு இல்லை. நசுங்கிய வண்டியைச் சரிசெய்யக் கொடுத்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஆண்டவரே, இந்த வண்டியால் அவருக்கு இனி ஒரு ஆபத்தும் வரக் கூடாது." பாத்திரம் தேய்க்கும்போதும் துணி துவைக்கும்போதும் இதே ஜெபம்தான்.

நம் சபையில் எந்த வண்டியையும் ஜெபித்துவிட்டுத்தானே ரோட்டில் இறக்குவோம். அந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து மெக்கானிக் கடையிலிருந்து என் கணவர் வண்டியை உருட்டிக்கொண்டே வந்தார். பாஸ்டர் ஹெட்லைட்டில் எண்ணெய் பூசி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்தார். நம் பாஸ்டர் ஜெபித்தால் கையில் இருப்பது என்ன பாடு படும் என்று அந்த மைக் ஸ்டாண்டைக் கேட்டால் சொல்லும். ஆவியில் நிறைந்து முன் பிரேக்கை இறுக்கி அழுத்தினார். டப்பென்று கேபிள் அறுந்தது.

என் கணவர் முகம் வெளுத்துவிட்டது. "இன்னா பாஸ்டர் இது! புது கேபிளு. இப்பத்தான் மாட்டிகினு வரேன்."

பின்னால் ஒரு ஆன்ட்டி, "ஜெபம் பண்ற நேரத்துல இப்பிடி ஆவுதே, நல்லதுக்கில்லமா" என்றார். கர்த்தர் எங்களைக் கைவிட்டுவிட்டாரோ என்று நினைத்தேன்.

பாஸ்டர் நிதானமாகக் கேட்டார். "இப்ப நேரா ஊட்டுக்கா தம்பி?"

"இல்ல பாஸ்டர். காட்டுப்பாக்கத்துல இவ அம்மா ஊட்டுக்கு. பாப்பாவ முன்னாடி உக்கார வெச்சிகினு..."

சொல்லிக்கொண்டே அறுந்த கேபிளைக் குனிந்து பார்த்தார். பூந்தமல்லி ரோடு. முன்னால் பஸ், பின்னால் லாரி. பெட்ரோல் டேங்க் மேல் என் பிள்ளை. கேபிள் அங்கே அறுந்திருந்தால்? அப்போதுதான் எனக்கு விளங்கியது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.

மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்தார். உறையில் கம்பெனி பெயர் இருந்தது. உள்ளே கம்பி நூல் மாதிரி இருந்தது. "டூப்ளிகேட்டுண்ணா. ஒரிஜினல்னு சொல்லித்தான் கடையில குடுத்தாங்க" என்று அவரும் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்கு பஸ்ஸில் போனோம். மறுநாள் கம்பெனி ஷோரூமிலேயே கேபிள், பிரேக் ஷூ எல்லாம் வாங்கி மாட்டினோம்.

அதிலிருந்து பாஸ்டர் எந்த வண்டிக்கும் முதலில் பிரேக்கைத்தான் அழுத்திப் பார்க்கிறார். எண்ணெய் அப்புறம்தான். என் கணவரும் தினமும் வாசலில் பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார். நான் சீட்டில் கை வைத்து ஜெபிக்கிறேன். பிறகு உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறேன்.

வீட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் உள்ள எல்லாரும் கர்த்தரிடம் தைரியமாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு நல்ல சாமானாகப் பார்த்து வாங்கி மாட்டுங்கள். ஜெபிக்கும்போதே ஒன்று உடைந்தாலும் சோர்ந்துபோகாதீர்கள். சற்றுமுன் முன்வரிசையில் கை தட்டிப் பாடினாளே மஞ்சள் கவுன் போட்ட பிள்ளை, அவள்தான் என் மகள்.