ஃப்ரீசரில் வைத்த இன்சுலின்

முதலில் புதுச் செருப்பு கடித்தது. பெருவிரல் ஓரத்தில் ஒரு கொப்புளம். வாரக்கணக்கில் ஆறவில்லை. அரியலூரில் பஸ் ஏறிப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா சர்க்கரை அளவைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கடைசியாக என் முகத்தைப் பார்த்தார்.

"மாத்திரை இனிமே பத்தாதுங்க. இன்சுலின் போட்டுக்கணும். புண் ஆறலைன்னா விரலை எடுக்க வேண்டியிருக்கும்."

இன்சுலின் (ரத்தச் சர்க்கரையை உடம்பு பயன்படுத்த உதவும் சுரப்பு) எப்படித் தயாராகிறது என்று திரும்பும் பஸ்ஸிலேயே போனில் தேடினேன். அங்கேதான் வினை. மனித மரபணுவை (உடம்பு எதைச் செய்ய வேண்டும் என்ற குறிப்பை) பாக்டீரியாவுக்குள் புகுத்தி, இன்சுலினைச் செய்ய வைக்கிறார்களாம். அந்தப் பாக்டீரியாவின் உறவுக்காரர்கள் நம் குடலில் குடியிருக்கிறார்கள் என்றும் போட்டிருந்தது. மருந்துப் பையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

வீட்டில் என் மனைவி செல்வி அரைத்து வைத்த இட்லி மாவு, வெயிலுக்கு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. மாவிலிருக்கும் கிருமியே இந்த ஆட்டம் ஆடினால், மருந்துக்குள் இருப்பது என்ன ஆட்டம் ஆடும்? அடங்கிக் கிடக்கட்டும் என்று மருந்துப் புட்டியை ஃப்ரீசரில், மீன் பொட்டலத்துக்கு அடியில் வைத்தேன். தினமும் உருகவைத்துப் போட்டுக்கொண்டேன்.

சர்க்கரை இறங்கவில்லை. புண்ணின் ஓரம் கறுக்கத் தொடங்கியது. நான் ஜோக்கடிப்பதை நிறுத்தியதும்தான் செல்வி பயந்தாள். மறுபடியும் பெரம்பலூருக்கு இழுத்துப் போனாள்.

"மருந்தை எங்க வச்சிருந்தீங்க?" என்றார் டாக்டரம்மா.

நான் மின்விசிறியைப் பார்த்தேன். செல்வி போட்டுக்கொடுத்தாள். "வஞ்சிரத்துக்குத் துணையா ஃப்ரீசர்ல வச்சிருந்தாருங்க. கிருமி குட்டி போட்டுடும்னு பயமாம்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "பால் குடிக்கிறீங்களே, டம்ளர்ல மாடா நிக்குது? கிருமி வேலையை முடிச்சதும் அதைப் பிரிச்சுத் தள்ளிட்டு, சுத்தம் பண்ணித்தான் மருந்து வருது. நீங்க உறைய வச்சதுல மருந்துதான் வீணாப் போச்சு. ஃப்ரிட்ஜுல கீழ்த்தட்டுல வைங்க."

"இனிமே இவரு ஃப்ரிட்ஜைத் தொடட்டும், கைய ஒடிச்சிடறேன்" என்றாள் செல்வி.

புதுப் புட்டி வந்தது. சர்க்கரை இறங்கியது. புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டு, கட்டுப்போட்டு, ஒரு வழியாக விரல் தப்பியது. ஊசி என்றதும் நடுங்கும் தோழர்களே, சந்தேகத்தை டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். அசடு வழிந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

முன்பெல்லாம் பசித்தால் சாப்பாடு. இப்போது முதலில் ஊசி, பிறகு கொஞ்சம் காத்திருப்பு. அந்த நேரத்தில், என் கணையம் (இன்சுலின் சுரக்கும் உறுப்பு) கைவிட்ட வேலையை எங்கோ ஒரு தொட்டியில் செய்து முடித்த கோடானுகோடிப் பேரை நினைத்துக்கொள்வேன்.

சாயங்காலம் காலை நீட்டி, விரலோரத்துப் புதுத் தோலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"அப்படி என்ன பாக்குறீங்க?"

"பத்தும் இருக்கான்னு எண்ணுறேன்."

"வேற வேலை இல்ல" என்றபடி குனிந்து, அவளும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாள்.