டேப்பக்கா குறைத்துச் சொன்ன இடுப்புகள்

உங்கள் இடுப்பின் சுற்றளவு எவ்வளவு? கால்சட்டை வாங்கும்போது கடையில் சொல்கிற எண்ணை நான் கேட்கவில்லை. அது உங்களை மகிழ்விக்கக் கடைக்காரர் ஒட்டிய சீட்டு. மூச்சைப் பிடிக்காமல், வயிற்றை எக்காமல், நாடாவைச் சுற்றினால் ஒன்று வருமே, அதைக் கேட்கிறேன். தெரியாது, இல்லையா? உங்கள் ராசி தெரியும். இந்த வாரம் அதற்கு என்ன பலன் என்பதும் தெரியும். சர்க்கரை நோயும் மாரடைப்பும் நம்மை எந்தப் பக்கமாக நெருங்குகின்றன என்று காட்டக்கூடிய ஓர் எண்ணை மட்டும் தெரிந்துகொள்ளவில்லை.

எங்கள் தெருவில் அத்தனை பெண்களின் இடுப்பும் ஒருவருக்கு அத்துப்படி. மாடிப்படிக்கு அடியில் தையல் கடை வைத்திருந்த அவரை எல்லோரும் டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாண வீட்டுக்கு வந்தால்கூடக் கழுத்தில் நகைக்குப் பதில் அளவு நாடா தொங்கும். கழற்ற மறந்திருப்பார்.

கடையில் இரண்டு பேர் நிற்கலாம், மூன்றாவது ஆள் வந்தால் ஒருவர் வெளியேற வேண்டும். பின்பக்கம் ஒரு திரை. திரைக்குப் பின்னால் வாடிக்கையாளரை நிறுத்தி அளந்து, டேப்பக்கா அளவை உரக்கச் சொல்வார். வெளியே வெட்டுமேசையில் அவர் கணவர் எழுதிக்கொள்வார். ஆனால் அந்தக் கடையில் ஒரு நடைமுறை இருந்தது. இடுப்பு முப்பத்தெட்டு அங்குலம் என்றால் அவர் வாயில் முப்பத்தாறு என்றுதான் வரும். கணவர் சத்தமில்லாமல் இரண்டு கூட்டித் துணியை வெட்டுவார். ரோஷக்காரப் பெண்மணியாக இருந்தால் டேப்பக்கா மூன்று குறைப்பார், ஒருமுறை செருமுவார். செருமினால் இன்னும் ஓர் அங்குலம் கூட்டிக்கொள் என்று பொருள். உடை கச்சிதமாகப் பொருந்தும். வந்தவரும் இளைத்துவிட்ட மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போவார்.

இப்படி இருபது வருடம் ஓடியது. யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அந்த ஆண்டு நகராட்சி ஓர் ஆய்வை அறிவித்தது. பெரியவர்களின் உடல்நிலையை வீடு வீடாகப் போய் அளப்பார்கள். எடை, உயரம், இடுப்பு, கைப்பிடியின் வலு. ஒரு மரப்பெட்டியில் சில நிமிடம் ஏறி இறங்கினால் நாடி எப்படித் துடிக்கிறது. தினமும் எவ்வளவு நடக்கிறீர்கள் என்ற கேள்விகள். எந்தப் பகுதியின் நிலை மோசமோ, அங்கே பூட்டிக் கிடக்கும் பள்ளி மைதானத்தைக் காலையில் நடப்பதற்குத் திறந்துவிட்டு, வாரம் ஒருநாள் ஒரு நர்ஸையும் அமர்த்துவார்கள்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் அப்படி ஒரு மைதானம் இருந்தது. எல்லோருடைய வரிப்பணத்திலும் கட்டிய சுவர், அதில் ஒரு பூட்டு. சாயங்காலம் மட்டும் ஆண்கள் பந்தாடத் திறப்பார்கள். பெண்கள் கேட்டால், உங்களை யார் தடுத்தது என்பார்கள், சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே.

டேப்பக்காவின் நாத்தனார், கணவரின் அக்கா, அந்த மைதானத்தைத்தான் நம்பியிருந்தார். சர்க்கரை ஏறியிருந்தது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. தினமும் நடந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஊசிதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எங்கே நடப்பது? சாலையில் லாரிகள், நடைபாதை என்று ஒன்று இல்லை. போதாததற்கு மூலையில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் ஒரு கூட்டம். அவர் நடக்கத் தொடங்கிய முதல் நாளே, “பூமி அதிருது, பாத்து” என்று ஒருவன் சொன்னான். அதோடு அவர் கடைக்குள் வந்து வெட்டுமேசையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். அவர் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் தம்பி கத்திரிக்கோலோடு முழங்கையைத் தூக்கி வழிவிட்டார்.

ஆகவே, நாடா பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஆய்வுக்காரர்கள் கேட்டபோது டேப்பக்கா முதல் ஆளாகப் போய் நின்றார். எடை பார்க்கவும் எழுதவும் ஒரு நர்ஸ், அளக்க இவர்.

வேலையில் அவரைக் குறைசொல்ல முடியாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டு முடித்த கணத்தில் அளக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற மின்மீட்டர் கணக்கெடுப்பாளர் ஒருவர் நாடாவைக் கண்டதும் வயிற்றை முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டு, முகம் சிவக்க நின்றார். டேப்பக்கா அவசரப்படவில்லை. நாடாவைப் பிடித்தபடி, “ஏன் மாமா, வீட்ல சமையல் நீங்களா அத்தையா?” என்று கேட்டார். பதில் சொல்ல அவர் வாயைத் திறந்தார். வயிறு வெளியே வந்தது. அளவும் கிடைத்தது.

சலவைக்காரப் பெண்மணி கைப்பிடிக் கருவியை நசுக்கிய நசுக்கில், தினமும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் வங்கி எழுத்தர் பின்னுக்குத் தள்ளப்பட்டார். உடற்பயிற்சி ஏதும் செய்வீர்களா என்று கேட்டதற்கு அந்த அம்மாள் வெட்கத்தோடு இல்லை என்றார். அப்போது அவர் கையில் ஈரத்துணி நிறைந்த வாளி இருந்தது, மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார். நல்லவேளை, அந்த நர்ஸ் கேள்வியை மாற்றிக் கேட்கத் தெரிந்தவர்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. நடுவில் டேப்பக்காவுக்கு அடிக்கடி தொண்டை செருமியதும், நர்ஸ் ஒவ்வொரு முறையும் தண்ணீர் கொடுத்ததும் யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

முடிவுகள் வரத் தொடங்கியபோது, நகரிலேயே எங்கள் தெருப் பெண்களின் இடுப்புதான் சிறந்தது என்று தெரிந்தது. அப்படியானால் மைதானம் எங்களுக்குக் கிடையாது. மேசையைச் சுற்றிக்கொண்டிருந்த நாத்தனார் அந்தச் செய்தியைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

மறுநாள் ஆய்வை நடத்தும் பெண் அதிகாரி கடைக்கே வந்தார். அவர் பாராட்ட வரவில்லை.

“எடை ஏறியிருக்கு, இடுப்பு ஏறல. அப்ப கொழுப்பெல்லாம் எங்க போச்சு, காதுக்கா?” என்று கேட்டார். வீட்டில் உட்கார்ந்து எழுதிய எண்கள் என்று அவருக்குச் சந்தேகம். எதிரே நின்ற நாத்தனாரைத் தன் நாடாவால் தானே அளந்தார். நூற்று நான்கு சென்டிமீட்டர். தாளில் இருந்தது தொண்ணூற்றாறு. இரண்டு நாடாக்களையும் மேசைமேல் நீட்டி ஒப்பிட்டார்கள். கோடு பிசகவில்லை.

கணவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். “அடிப்பாவி, அங்கயும் கொறச்சா சொன்னே?”

டேப்பக்கா முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அளந்த கை சரியாகத்தான் அளந்திருந்தது. இடுப்பு என்றாலே குறைத்துச் சொல்லிப் பழகிய நாக்குதான் தன் வேலையைக் காட்டியிருந்தது. “பொய் சொல்லணும்னு நெனக்கல மேடம். வாயத் தொறந்தா அப்படித்தான் வருது” என்றார். எல்லாவற்றிலும் இரண்டு அங்குலம் கூட்டிவிட்டால் போயிற்று என்று கணவர் யோசனை சொன்னார். டேப்பக்கா மறுத்துத் தலையாட்டினார். “எல்லாருக்கும் ஒரே மாதிரியா கொறச்சேன்? அவங்கவங்க மூஞ்சியப் பாத்துல்ல கொறச்சேன்.”

வெள்ளிக்கிழமை மாலைக்குள் திரும்ப அளந்தால் சேர்த்துக்கொள்வதாகவும், இல்லாவிட்டால் இந்தப் பகுதியையே நீக்கிவிடுவதாகவும் சொல்லிவிட்டு அதிகாரி போனார். திரும்ப அளப்பது பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, இத்தனை காலம் உன்னிடம் குறைத்துச் சொன்னேன் என்று சொல்ல வேண்டுமே. அதற்குப் பிறகு யார் துணி கொடுப்பார்கள்? டேப்பக்கா நாடாவைக் கையில் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

நாத்தனார் பொறுத்துப் பார்த்தார். பிறகு, “எந்திரி. வெளிய வச்சு என்னை அள. சத்தமாச் சொல்லு. அந்த மூலைல இருக்கறவனுக்கும் கேக்கணும்” என்றார்.

நல்ல வெயிலில், தெரு நடுவில், கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். டேப்பக்கா நாடாவைச் சுற்றினார். எண்ணைப் பார்த்தார். வாயைத் திறந்தார். செருமல்தான் வந்தது.

“மூணா?” என்று உள்ளேயிருந்து கணவர் கேட்டார்.

“நூத்தி நாலு” என்று டேப்பக்கா கத்தினார். ஜன்னல்கள் திறந்தன. மூலையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் அவர்களைப் பார்த்து, “பூமி ஒண்ணும் பொளந்துடல, உக்காருங்க” என்றார். பிறகு நாடாவைப் பிடுங்கி டேப்பக்காவையே அளந்து, அந்த எண்ணையும் கூவினார். அது டேப்பக்கா தனக்கென்று நினைத்திருந்ததைவிட நான்கு அங்குலம் கூடுதல். அவருடைய உடைக்கும் சத்தமில்லாமல் கூட்டித் துணி வெட்டியவர் கணவர்தானே.

பிறகு வேலை வேகமாக நடந்தது. சலவைக்காரப் பெண்மணி சிரித்துச் சிரித்து, அளக்கவே முடியாமல் செய்தார். சிலர் திட்டினார்கள், பிறகு கையைத் தூக்கினார்கள். மருந்துக்கடைக்காரரின் மனைவி மட்டும், “அப்ப என் தங்கச்சிகிட்ட நான் பெருமையடிச்சதெல்லாம்?” என்று கேட்டுவிட்டு, அளக்கவிட்டார், பாதி தைத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பேச்சையும் நிறுத்திக்கொண்டார்.

அவர் கோபத்தை நான் குறைகூறமாட்டேன், ஆனால் அது போய்ச் சேரவேண்டிய இடம் டேப்பக்கா இல்லை. காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. இடுப்பைச் சொல்லக் கூசவைத்தது யார்? பன்னிரண்டு வயதில் ஓடாதே, குதிக்காதே என்று பெண்ணை உட்காரவைக்கிறோம். மைதானத்தை நாமே எடுத்துக்கொள்கிறோம். நாற்பது வயதில் குண்டு என்று சிரிக்கிறோம். பிறகு அந்தக் கூச்சத்துக்குக் கொழுப்பைக் கரைக்கும் இடுப்புப்பட்டை, தொப்பையை விரட்டும் தேநீர், எடைக்கு மந்திரித்த கயிறு என்று விலை வைத்து விற்கிறோம். அந்தக் கயிற்றால் செய்யக்கூடிய உருப்படியான காரியம் ஒன்று உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

புதிய எண்கள் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தன. நகரிலேயே கடைசி இடம் எங்களுக்கு. தோற்றதற்காக ஒரு தெரு இனிப்பு வாங்கிப் பகிர்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

இப்போது காலையில் மைதானம் திறந்திருக்கிறது. நாத்தனாரின் எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் சர்க்கரை இறங்கியிருக்கிறது. நர்ஸ் அந்த மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால், ஏறி இறங்கிவிட்டுப் பேசிக்கொண்டே நாடியைக் காட்டுகிறார். தம்பி முழங்கையைத் தூக்காமல் துணி வெட்டுகிறார். மருந்துக்கடைக்காரரின் மனைவியும் வருகிறார். டேப்பக்காவை ஒவ்வொரு சுற்றிலும் முந்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போகிறார்.

“நாடாவே வேணாம், கண்ணாலயே தெரியுது. நெஜமாவே ரெண்டு அங்குலம் கொறஞ்சிருக்கா. நான் சொன்னா நம்புவாளா?” என்று டேப்பக்கா என்னிடம் கேட்டார். நம்பமாட்டார் என்றுதான் எனக்கும் தோன்றியது.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டி, அதைச் சரிபாதியாக மடியுங்கள். மூச்சை இயல்பாக விட்டு, அதை இடுப்பைச் சுற்றிக் கட்டிப் பாருங்கள். முனைகள் சேரவில்லை என்றால் இடுப்பு உங்கள் உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது, ஆபத்து நெருங்குகிறது என்று பொருள்; ஒளிக்காமல் வீட்டில் சொல்லுங்கள். விடிந்ததும் உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் மைதானத்தின் சாவி யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று போய்க் கேளுங்கள்.