இருநூற்றுப் பதினான்கு கதவுகள்

எங்கள் பகுதியில் என் அக்கா வீட்டுக்காரரைப் பெயர் சொல்லித் தேடினால் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான். ‘டங் டங் மாமா’ என்று கேளுங்கள். நடை பழகுகிற குழந்தைகூடக் கை நீட்டிக் காட்டும். கேஸ் சிலிண்டர் போடுகிறவர். கட்டடத்து வாசலுக்கு வந்ததும் ஸ்பேனரை எடுத்து சிலிண்டரின் கழுத்தில் இரண்டு தட்டு தட்டுவார். அந்தச் சத்தம் முதலில் நான்காவது மாடிக்கு ஏறும். அதன் பின்னாலேயே அவர் ஏறுவார்.

இருபத்திரண்டு வருடமாக ஏறிக்கொண்டிருக்கிறார். வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ப்பு. எந்தக் கட்டடத்தில் எத்தனை படி, எந்தப் படியில் சிமென்ட் பெயர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் ஊரிலிருந்து படிக்க வந்து அவர்கள் வீட்டு ஒற்றை அறையில் படுத்து எழுந்தவன். எங்கள் வகையறாவில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அந்தச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, ஆணி அடித்து மாட்டியது மாமாதான். “நேரா இருக்கா மாப்ளே?” என்று நாலு தடவை கேட்டார். நேராகத்தான் இருந்தது. கேட்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

இந்த மனிதர் ஒரு பேருந்து நிறுத்தத்தைக் காப்பாற்றினார். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் தெருமுனை நிறுத்தத்தின் கம்பத்தில் ஒருநாள் மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நெரிசல் காரணமாக நிறுத்தம் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றப்படும். ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள், குறைந்தது இருநூறு குடியிருப்போர் கையெழுத்துடனும் விலாசத்துடனும் மனு கொடுக்கலாம்.

அந்தப் பக்கம் போக நடைமேம்பாலம் ஏற வேண்டும். மாமா அன்று மாலையே போய் எண்ணிவிட்டு வந்தார். ஏற அறுபத்திரண்டு, இறங்க அறுபத்திரண்டு. அக்கா பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் போர்வை மடிக்கிறவள். இரண்டு வருடம் முன்பு அங்கேயே ஈரத் தரையில் விழுந்து முழங்காலில் ஆபரேஷன். சமதரையில் மெதுவாக நடப்பாள். பத்துப் படிக்கு மேல் முட்டி ஒத்துழைக்காது. நிறுத்தம் போனால் வேலையும் போச்சு.

“என்னையும் சிலிண்டர் மாதிரி தோள்ல தூக்கிட்டுப் போங்க,” என்றாள் அக்கா.

“தூக்கலாம். ஆனா சிலிண்டர் வழியெல்லாம் பேசாதே!”

சிரித்துவிட்டு அக்கா அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினாலு வருடமாகப் பார்க்கும் வேலை. கல்லூரியில் என் முதல் வருடச் செலவு முழுக்க அந்தப் போர்வைகளின் மடிப்பில்தான் ஓடியது. மாமா என்னைப் பார்த்தார். “மனு நீ எழுது. கையெழுத்து நான் வாங்குறேன்.”

எழுதினேன். ‘மேற்படி’, ‘தாழ்மையுடன்’ எல்லாம் போட்டு ஒன்றரைப் பக்கம். மாமா சட்டைப் பைக்குள் தாள்களை மடித்து வைத்துக்கொண்டு, சிலிண்டர் இறக்கின கையோடு ஒவ்வொரு வீட்டிலும் கையெழுத்து வாங்கினார். பதிமூன்றாம் நாள் தாள்களைக் கொண்டுவந்து வைத்தார். இருநூற்றுப் பதினான்கு கையெழுத்து. விலாசம் எழுதும் இடத்தில் மாமா தன் கையால் எழுதியிருந்ததைப் படித்தேன்.

‘மூணாம் தெரு, பச்சை கேட். நாய் குரைக்கும், கடிக்காது.’

‘தண்ணித்தொட்டி சந்து, மாடி 3 இடது. பெல் வேலை செய்யாது, தட்டணும்.’

‘ரேடியோ கடை மேல். நைட் டூட்டி, மதியம் எழுப்பக்கூடாது.’

“மாமா, இது என்ன? கதவு நம்பர் எங்க?”

“எந்த நம்பர்? இங்க ரெண்டு தடவை நம்பர் மாத்திட்டாங்க. ஒரே வீட்டுக்கு மூணு நம்பர். நம்பரை நம்பிப் போனா சிலிண்டர் என் தோள்லயேதான் இருக்கும். சிலிண்டர் போடுறவங்க எல்லாரும் இப்படித்தான் குறிச்சு வெச்சுக்குவோம்.”

திரும்ப எழுதலாம் என்றால் கையெழுத்து அந்தத் தாளில்தானே இருக்கிறது? மறுபடி இருநூறு கதவு ஏற நாளில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போனோம்.

மண்டல அலுவலகத்தில் மனு வாங்குகிறவர் முதல் தாளைப் படித்தார். பிறகு பக்கத்து மேஜைக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார். “இதைக் கேளுங்க சார், ‘நாய் குரைக்கும், கடிக்காது.’ ஏங்க, நாய்கிட்டயும் கையெழுத்து வாங்கினீங்களா?”

“அதுக்கு ஓட்டு இல்லைங்களே,” என்றார் மாமா.

அறையே சிரித்தது. என் காது சூடாகிவிட்டது. பட்டம் வாங்கினவன் கூட வந்து இதுவா என்று எனக்கு. மாமாவோ ஸ்பேனரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றியபடி நின்றார்.

சிரிப்புச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பொறியாளர் அம்மா வந்தார். தாள்களைப் புரட்டினார். அவர் சிரிக்கவில்லை. “விலாசம் இல்லாத மனு செல்லாதுங்க. இவங்கெல்லாம் நிஜமா இருக்காங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“மேடம், உங்க நம்பரை வெச்சு நீங்க ஒரு வீட்டைக் கண்டுபிடிங்க. நான் எழுதினதை வெச்சு ஒரு வீட்டைக் கண்டுபிடிங்க. எது சுலபம்னு பாத்துடலாம்.”

அந்த அம்மா தாள்களைத் திரும்ப அடுக்கினார். “சரி. நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன். எந்தப் பத்து கையெழுத்தைச் சரிபார்க்கணும்னு நான்தான் சொல்வேன். ஒண்ணு பொய்யானாலும் மொத்த மனுவும் தள்ளுபடி.”

மறுநாள் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். கூடவே, நேற்று உரக்கப் படித்துச் சிரித்த, மனு வாங்குகிறவரும். மாமாவுக்கு ஒரு கட்டளை: வழி காட்டக் கூடாது, பின்னால்தான் வர வேண்டும், கதவும் தட்டக் கூடாது. அக்கா தெருமுனை நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அன்று விடுப்பு.

பச்சை கேட்டில் நாய் குரைத்தது. கடிக்கவில்லை. தண்ணித்தொட்டி சந்தில் சிரித்தவர் பெல்லை அழுத்தோ அழுத்தென்று அழுத்தினார். “படிச்சீங்கல்ல சார்? தட்டணும்,” என்றேன். தட்டினார். திறந்தது. ‘கையெழுத்து போட்டீங்களா?’ ‘போட்டேனே.’ இப்படியே ஒன்பது வீடு. எந்த வீட்டையும் தேட வேண்டியிருக்கவில்லை. ஏழாவது வீட்டில் பொறியாளர் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. “தினமும் இதையா ஏறுறீங்க?” என்றார். “இதை இல்லைங்க. இதை முப்பது கிலோவோட,” என்றார் மாமா.

பத்தாவது, நூலகத்துக்குப் பின்னால் உள்ள கட்டடம், நான்காவது மாடி. தனியாக இருக்கும் ஒரு பெரியவர். தெருவில் அவருக்கு ‘வேண்டாம் சார்’ என்று பட்டப்பெயர். பொறியாளர் அம்மா தட்டினார். சங்கிலி போட்ட கதவு நாலு விரல் அகலம் திறந்தது.

“சார், நீங்க மனுவுல கையெழுத்து…”

“இல்ல. வேண்டாம்.”

கதவு மூடிக்கொண்டது.

சிரித்தவர் தொண்டையைச் செருமினார். பொறியாளர் அம்மா பேனா மூடியைக் கழற்றினார். படிக்கட்டு ஜன்னல் வழியே பார்த்தால் பெஞ்சில் அக்கா, அண்ணாந்து எங்களைப் பார்த்தபடி.

மாமா கதவைத் தொடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. “மேடம், நான் எழுதினதை முழுசாப் படிச்சுட்டுக் கோடு அடிங்க.”

அந்த அம்மா தாளைத் தூக்கிப் பிடித்தார். வாய்விட்டே படித்தார். “‘நூலகம் பின்னால், மாடி 4. முதலில் வேண்டாம் என்பார். ரெண்டாவது தடவை கேட்கணும்.’”

பேனாவை மூடினார். மறுபடி தட்டினார்.

“அதான் வேண்டாம்னு…”

“சார், பஸ் ஸ்டாப் விஷயம்.”

“பஸ் ஸ்டாப்பா? அதை முதல்லயே சொல்லக்கூடாதா? சோப்பு விக்க வந்தவங்கன்னு நெனச்சேன். போட்டேனே! அந்த டங் டங் ஆளு குடுத்த பேனா எழுதல. என் பேனாவுலதான் போட்டேன். பச்சை மை.”

தாளில் பச்சை மை. இருநூற்றுப் பதினான்கில் அது ஒன்றுதான் பச்சை.

படி இறங்கும்போது பொறியாளர் அம்மா மாமாவின் பக்கத்திலேயே இறங்கினார். “இந்த ஏரியாவுல ஒரு கட்டடம் கண்டுபிடிக்க எங்க ஆளுங்களுக்கு அரை நாள் ஆகும். நீங்க எங்க வேலை செய்யிறீங்க?” “கேஸ் ஏஜென்சிங்க.” “அவங்க குடுத்து வெச்சவங்க,” என்றார். அந்தச் சொல்லை நான் வீட்டில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். பிறகு அக்கா, “போதும்டா, இவருக்குத் தலைக்கனம் ஏறிடும்,” என்றாள். சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்திருந்தது.

நிறுத்தம் அதே இடத்தில் இருக்கிறது. காலை ஐந்தரைக்கு அக்கா மெதுவாக நடந்து போய்ப் பேருந்து ஏறுகிறாள். அவள் ஏறி உட்காரும் வரை மாமா வண்டியில் சிலிண்டர்களை அடுக்குகிற சாக்கில் அங்கேயே நிற்பார்.

நிறுத்தத்தை மாற்ற வேண்டாமென்ற உத்தரவின் நகல் இரண்டு வாரம் கழித்து வந்தது. கூடவே ஆட்சேபணை தெரிவித்தோர் பட்டியல், தட்டச்சு செய்து, முத்திரை குத்தி. மாமா எழுதிய ஒரு வரியையும் அவர்கள் மாற்றவில்லை. மனுவில் நான் போட்ட ‘மேற்படி’யையும் ‘தாழ்மையுடன்’ஐயும் எந்த அலுவலகமும் திரும்ப எழுதி அனுப்பவில்லை. ‘பெல் வேலை செய்யாது, தட்டணும்’ அரசாங்க ஆவணமாகிவிட்டது.

அந்தப் பட்டியலின் முதல் தாளுக்கும் ஒரு சட்டம் வாங்கி வந்து என் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டினேன். “நேரா இருக்கா மாமா?” என்று கேட்டேன். நேராக இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. கிட்டப் போய், விரல் வைத்து ஏதோ ஒரு வரியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“மாப்ளே, ஒரு சிக்கல். அந்தப் பச்சை கேட் நாய் போன வாரத்துலேர்ந்து கடிக்குது. முத்திரை குத்தின தாள்ல தப்பு இருக்கக்கூடாது. திருத்தச் சொல்லி ஒரு மனு எழுது.”