நடுப்பாதையைக் கடந்த சேதி

சித்தியைப் பெண் பார்ப்பதற்காக மதுரையிலுள்ள பழைய மாதா கோயிலுக்குப் போன அன்று, விஷயம் தெரியாமல் கிளம்பியது நான் ஒருத்திதான். அதற்கு முன் வந்த வரன்கள் தட்டிப்போனதை எங்கள் ஊரான கல்லல் முழுக்கப் பேசித் தீர்த்திருந்தார்கள். இதுவும் கூடிவராவிட்டால் இனி யார் முன்னாலும் போய் நிற்க மாட்டேன் என்று சித்தி சொல்லிவிட்டாள். ஆகவே இந்தத் தடவை வெளியூர்க் கோயிலில், இரண்டு வீட்டாரும் வேண்டுதலுக்கு வந்தவர்கள்போல, ஒருவரையொருவர் அறியாதவர்களாக நிற்பதென்று ஏற்பாடு. என்னிடம் கோயில் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னார்கள்.

வெளியே பஸ்களும் ஆட்டோக்களும் ஓயாமல் ஹாரன் அடித்தன. உள்ளே உயரமான தூண்கள். வண்ணக் கண்ணாடிகள் வழியே தரையில் சிவப்பும் நீலமும் விழுந்து கிடந்தன. வழக்கப்படி ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுப்பாதையைக் கடந்து ஓட எனக்கு மட்டும் தடையில்லை. எதிர்ப்பக்கம் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர், பீடத்தைப் பார்க்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைச் சைகையால் அழைத்தார்.

"பாப்பா, அங்குட்டு பச்சைச் சேலை கட்டியிருக்கிறது யாரு?"

"எங்க சித்தி."

"நல்லாச் சமைப்பாகளா?"

"அம்மாதான் சமைக்கும். சித்தி நல்லாச் சாப்பிடும்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "கோவம் வருமா?"

"வரும். தூங்குனா கொறட்டையும் வரும்."

சித்தியின் கைப்பக்குவம் பற்றி அப்பா ஏற்கெனவே அவர்கள் வீட்டில் அளந்துவிட்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? அவர் சித்தி பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "எனக்கும் கொறட்டை வரும்னு சித்திகிட்டச் சொல்லிட்டு வாரியா?" என்றார்.

பாதி வழியிலேயே கத்தினேன்: "சித்தி, அவருக்கும் கொறட்டை வருமாம்!"

கோயில் முழுக்க அது எதிரொலித்தது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த ஒரு கிழவி திரும்பி முறைத்தாள். "இவ வாயத் தைச்சுல்ல கூட்டியாந்திருக்கணும்" என்று அம்மா தலையில் கை வைத்தாள். சித்தி குனிந்தபடியே இருந்தாள். முந்தானை வாயில் இருந்தது, தோள்கள் மட்டும் குலுங்கின. எதிர்ப்பக்கம் கட்டம் போட்ட சட்டையும் குலுங்கியது.

அதுவரை எங்களைத் தெரியாதவர்போல் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நேரே வந்து என் அம்மாவின் கையைப் பிடித்தார். அவர்தான் அந்தச் சட்டைக்காரரின் தாயார்.

"இன்னும் என்னத்துக்குத் தெரியாத மாதிரி நிக்கிறீக, சம்பந்தி?"

திரும்பும் பஸ்ஸில் அம்மா என்னைத் திட்டவில்லை. முறுக்கு வாங்கித் தந்தாள். நான் சித்தியிடம், கோயில் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"அம்புட்டு அழகு" என்றாள்.

உள்ளே இருந்த நேரமெல்லாம் அவள் குனிந்த தலை நிமிரவே இல்லை. பார்க்காத கோயிலை ஒருத்தி இவ்வளவு சந்தோஷமாக எப்படிப் புகழ முடியும் என்று ஊர் வந்து சேரும்வரை யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.