மேசைக்கு அந்தப் பக்கம்

மணி அடித்ததும் எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலிகள் தரையில் உரசின. மாதிரிகளை வாரிக்கொண்டு அடுத்த மேசைக்கு ஓட வேண்டும். அடுத்த மணி வரைக்கும்தான் பேச்சு. ராஜையன் தன் அட்டைப்பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பம்ப் கம்பெனியின் மேசை முன்னால் போய் உட்கார்ந்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் பர்ச்சேஸ் மேனேஜர் ராமசுப்ரமணியன், கரமனைக்காரர். பக்கத்தில் லேப்டாப்புடன் லிபின். ராஜையனின் ஒரே மகன்.

"வணக்கம் சார்," என்றான் லிபின்.

"வணக்கம் சார்," என்றார் ராஜையன்.

தம்பானூர் ஹோட்டல் ஒன்றின் மாடியில் மாநாடு. தென்பகுதித் தொழிற்சாலைக்காரர்களும் அவர்களுக்குச் சாமான் கொடுப்பவர்களும் வருஷத்துக்கு ஒருமுறை இப்படிக் கூடுவார்கள். எல்லோர் கழுத்திலும் பெயர் அட்டை தொங்கியது. ராஜையனுடையது திரும்பிக் கிடந்தது.

"வாரும் ராஜையன். ஏசி வேலை செய்யலைன்னு ஊரே விசிறிண்டிருக்கு, உமக்கு மட்டும் வேர்க்கலை. பாறசாலைக்காராளுக்கு உடம்பே வேறயாக்கும்."

"வேர்த்துத் தீந்து போச்சு சார், பஸ்ஸிலயே."

ராமசுப்ரமணியன் சிரித்துக்கொண்டே பெட்டிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். கடைசியில் ராஜையனின் தோள்பைக்குள்ளிருந்து சின்னதாக ஒன்றையும் இழுத்தார்.

"இது என்ன, புது சைஸா?"

ராஜையன் கை நீட்டுவதற்குள் டேப்பைப் பிரித்துவிட்டார். உள்ளே வெண்ணெய்த்தாள். தாளுக்குள் முந்திரிக்கொத்து.

"அட! சாம்பிள்னா இப்படின்னா இருக்கணும்!" ஒன்றை வாயில் போட்டுக் கடவாயில் ஒதுக்கினார். "பெட்டியைவிட இது கெட்டி ஓய். கீழே விழுந்தா டைல்ஸ் போயிடும்."

"வீட்டுக்காரி செய்ததாக்கும். மகனுக்குக் குடுத்து விட்டா."

"மகன் எங்கே?"

ராஜையன் பெட்டியின் மூடியைச் சரி செய்தார். "தூரத்தில."

"கல்ஃபா?"

ராஜையன் தலையை ஆட்டினார்.

"அவ்வளவு தூரம் போறதுக்குள்ள கெட்டுப் போயிடும். லிபின், எடுத்துக்கோடா. கல்ஃப்காரன் பங்கு நமக்கு."

லிபின் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இது என்னது சார்?"

"சரியாப் போச்சு. உங்களுக்கெல்லாம் பர்கர்தான் தெரியும். பச்சைப்பயறும் சர்க்கரையும்டா. தின்னு."

லிபின் லேப்டாப்பைப் பார்த்தபடியே தின்றான். மேலே பொரிந்த மாவை மட்டும் சுற்றிலும் கடித்து எடுத்தான். உள்ளே இருந்த உருண்டையைத் தனியாகக் கடைசியில் வாயில் போட்டான். பல் முளைத்த நாளிலிருந்து அவன் அப்படித்தான் தின்பான். ராஜையன் தலையைக் குனிந்துகொண்டார். மணி அடித்தது.

பாறசாலையில் வீட்டின் பின்னால் ஷெட் போட்டு ராஜையன் அட்டைப்பெட்டி செய்ய ஆரம்பித்தபோது இயந்திரம் ஒன்றும் கிடையாது. கடைகளில் எறிந்த பெட்டிகளை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி மடித்து ஒட்டுவார்கள். அவர் மனைவி சுசீலாபாய் மரச்சீனிக்கிழங்கு மாவில் பசை காய்ச்சுவாள். பெட்டியின் பலம் பார்க்க லிபினைத் தூக்கி அதன் மேல் நிறுத்துவார். அவன் குதிப்பான். நசுங்காத பெட்டிகள்தான் லாரியில் ஏறும். பம்ப் கம்பெனி ஆர்டர் வந்த பிறகு இயந்திரம் வந்தது, லிபின் இன்ஜினியரிங் படித்தான். அதே கம்பெனியில் வேலையும் கிடைத்தது.

அந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பவரின் உறவுக்காரர் அங்கே சாமான் கொடுக்கக் கூடாது. லிபினுக்கு யோசனை சொன்னது ராஜையன்தான். "நாம ரெண்டுபேரும் தெரியாதவங்களா இருந்தா போரும் மக்களே." விலாசத்துக்கு லிபின் தங்கியிருந்த கழக்கூட்டத்து வாடகை வீட்டைக் கொடுக்கச் சொன்னதும் அவர்தான். விண்ணப்பத்தில் அப்பா பெயர் இருந்தாலும், ராஜையன் என்ற பெயரில் அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் உண்டு, யாரும் கேட்கவில்லை. முதலில் லிபின் சனிக்கிழமை இருட்டியபின் வந்து போனான். பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும். போன கிறிஸ்துமஸுக்கு அதுவும் இல்லை. சுசீலாபாய் போனில் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "யாராவது கண்டா அப்பாக்க ஆர்டர் போவும் அம்மா."

அதனால் ராஜையன் ஒரு முடிவோடு வந்திருந்தார். மதியத்துக்கு மேல் பழைய ஆட்களைக் கூப்பிட்டு ஆர்டரைப் புதுப்பிப்பார்கள். இந்த முறை வேண்டாமென்று சொல்லிவிடுவார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவும் இடத்தில் லிபின் தனியாக நின்றான். ராஜையன் பக்கத்துக் குழாயைத் திறந்தார்.

"மக்களே."

லிபின் கண்ணாடியில் வாசலைப் பார்த்தான். "சொல்லுங்க."

"நான் ஆர்டர விடப்போறேன். பேக்கரிக்காரங்களுக்குப் பெட்டி செய்து குடுத்தா எங்க ரெண்டு பேருக்கும் நாள் கழியும். ஞாயிறு நீ வீட்டுக்கு வா. ஒனக்க அம்மைகூட கோயிலுக்குப் போ. பகல் வெளிச்சத்தில வா."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. லிபின் குழாயை மூடினான். அப்பாவுடையதையும் மூடினான்.

"விடண்டாம்ப்பா."

"எனக்கு ஒரு சங்கடமும் இல்லலே."

"அதுக்கில்ல." காகிதத்தில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். "எனக்கு வரத் தோணல்ல. சண்டையொண்ணும் இல்ல, கேட்டீங்களா. வீட்டுக்கு வந்தா எப்ப எறங்கிப் போவோம்னு இருக்கு. நீங்க ஒண்ணும் செய்யல்ல. அவ்வளவுதான்."

ராஜையன் ஈரக்கையை வேட்டியில் துடைத்தார்.

"ஆர்டர் போச்சுன்னா அம்மைகிட்ட நான் பின்ன என்ன காரணம் சொல்ல?" என்றான் லிபின். குரலில் கோபம் இல்லை. சின்ன வயதில் பள்ளிக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிடும்படி கெஞ்சுவானே, அந்தக் குரல்.

யாரோ கதவைத் தள்ளினார்கள். "மழை வரும்போல இருக்கு சார்," என்று சொல்லிவிட்டு லிபின் வெளியே போனான்.

மதியம் பெயர் கூப்பிட்டார்கள். புதுப்பிப்பதற்கு முன்னால் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு கேள்வி கேட்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். பதிலையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போன வருஷம் லிபின் ஹாலில் இல்லை. ராஜையன் எளிதாகச் சொல்லிவிட்டிருந்தார்.

"சடங்குதான், ஓய்," என்றார் ராமசுப்ரமணியன். "நம்ம கம்பெனியில உமக்கு உறவுக்காரா யாராவது உண்டா?"

லிபின் விசைப்பலகையில் விரல் வைத்துக் காத்திருந்தான்.

மேசையில் முந்திரிக்கொத்துப் பெட்டி திறந்து கிடந்தது. அதில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"உரக்கச் சொல்லணும்."

"இல்ல," என்றார் ராஜையன். "ஆரும் இல்ல."

லிபின் தட்டினான்.

மறுநாள் காலையில் பாறசாலையில் கரண்ட் இல்லை. ராஜையன் ஷெட்டைப் பெருக்கினார். சுசீலாபாய் காப்பி கொண்டுவந்தாள்.

"தின்னானா?"

"தின்னான். மேலோட்ட மொதல்ல கடிச்சு."

அவள் சிரித்தாள். "ஞாயிறு வருவானா?"

"ஆர்டர் புதுக்கியாச்சுல்லா. ஆராவது கண்டா போச்சு."

"அதும் சரிதான்," என்று அவள் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. மதியம் பம்ப் கம்பெனி லாரி வந்தது. பெட்டிகளை ஏற்றினார்கள். லேசாக மழை தூறியதால் தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள்.